சின்ன மென்பொருளுக்குள்ளேயே ஒரு தரவுத்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், ஈரோடு பக்கத்துச் சின்ன யூனிட்டுகளுக்கு பில், சலான், வாரக் கூலிக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சர்வர் எதுவும் கிடையாது. நிரலோடு சேர்ந்தே போகிற, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்கிற ஆவணத் தரவுத்தளம்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், சில சமயம் யூனிட் முதலாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சி ஷார்ப்பில் எழுதுகிறவன் என்பதால் உதாரணங்கள் லைட் டிபி என்கிற தரவுத்தளத்தை ஒட்டியே வரும். வேறு எதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஆவணத் தரவுத்தளம் என்றால் என்ன? அதுவும் "நிரலுக்குள்ளேயே" என்றால்?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல் மாதிரி ஒரு சர்வர் தரவுத்தளத்தைக் கடையில் போட்டால் அது பின்னால் தனியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு போர்ட், ஒரு பாஸ்வேர்டு, விண்டோஸ் எழும்போது அதுவும் எழுந்ததா என்கிற கவலை. காலையில் கடை திறந்தவர் "சாப்ட்வேர் ஓப்பனே ஆகலீங்க" என்று கூப்பிட்டால், பல நாள் காரணம் அதுதான். நிரலுக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் அந்தத் தனி ஆள் கிடையாது. உங்கள் நிரலோடு ஒரு லைப்ரரியாகச் சேர்ந்து ஓடும், வட்டில் உள்ள ஒரு ஃபைலைத் திறந்து எழுதும், படிக்கும். லைட் டிபி ஒரே ஒரு டிஎல்எல் (லைப்ரரி ஃபைல்). எம்ஐடி உரிமம், காசு கிடையாது.

ஆவணம் என்பது, ஒரு காகிதத்தில் இருப்பதை அப்படியே ஒரு கட்டாக எடுத்து வைப்பது. அட்டவணையின் வரிசை, பத்தி என்று பிய்த்துப் பல இடத்தில் போடுவதில்லை. ஜேசன் (தகவலைப் பெயர், மதிப்பு என்று எழுத்தாக எழுதும் முறை) தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாங்கோ டிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தைப் போலவே லைட் டிபியும் அதைப் பிசன் என்ற இருமக் கட்டாக வைத்துக்கொள்கிறது.

அட்டவணையில் போட முடியாதா? இதற்கு ஏன் தனியாக ஒன்று?

முடியும். ஆனால் திருப்பூர் ஜாப் ஒர்க் சலானை (வெளியே வேலைக்கு அனுப்பும் சரக்குக்கான சீட்டை) அட்டவணையில் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். சலான் புத்தகம் ஒன்றுதான், வேலைதான் வேறு வேறு. நிட்டிங்குக்குப் போகும் சரக்குக்கு கேஜ், டயா, ஜிஎஸ்எம் வேண்டும். டையிங்குக்குப் போனால் கலரும் லாட் நம்பரும். பிரிண்டிங்குக்கு எத்தனை கலர் என்று வேண்டும். தையலுக்குப் போனால் சைஸ் வாரியாகப் பீஸ். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடைத்தால் நாற்பது பத்தி வரும், ஒவ்வொரு வரிசையிலும் முப்பது காலியாகக் கிடக்கும். வேலைக்கு ஒன்றாகப் பிரித்தால், "இந்தப் பார்ட்டியின் சலானையெல்லாம் காட்டு" என்ற ஒரு வரிக் கேள்விக்கு நான்கு அட்டவணையைத் தேட வேண்டும்.

ஆவணமாக வைத்தால் இப்படி:

{ சலான்: 412, பார்ட்டி: 17, வேலை: "நிட்டிங்", கேஜ்: 24, டயா: 30, ஜிஎஸ்எம்: 180, ரோல்: [21.4, 20.9, 22.15] }

{ சலான்: 413, பார்ட்டி: 8, வேலை: "டையிங்", கலர்: "நேவி", லாட்: "டி-96", ரோல்: [21.4, 20.9] }

{ சலான்: 414, பார்ட்டி: 17, வேலை: "தையல்", சைஸ்: { எஸ்: 120, எம்: 240, எல்: 240, எக்ஸ்எல்: 120 } }

மூன்றும் ஒரே தொகுப்பில் (ஆவணங்களைப் போட்டு வைக்கும் பெட்டியில்) உட்காரும். ரோல் எடைகள் வரிசையாக அதற்குள்ளேயே இருக்கின்றன. அச்சடிக்கும்போது ஒரு தடவை படித்தால் போதும், சலான் முழுசாகக் கைக்கு வந்துவிடும்.

இங்கே படிப்பவர்களுக்காகப் புலப்பெயர்களை (சலான், பார்ட்டி மாதிரித் தலைப்புகளை) தமிழில் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் நான் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கமாக வைக்கிறேன். பிசனில் புலப்பெயர் ஒவ்வொரு ஆவணத்துக்குள்ளும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "பார்ட்டி" என்ற ஒரு பெயருக்கே 24 பைட் போய்விடும். உள்ளே இருக்கும் தகவல் தமிழில் தாராளமாக இருக்கட்டும், தலைப்பு மட்டும் சிக்கனமாக இருக்கட்டும்.

எக்செல்லே போதுமே தம்பி?

ஒருவர், ஒரு நாளைக்குப் பத்து என்ட்ரி என்றால் போதும். நானே அப்படிச் சொல்லி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லைட் டிபி, டைனி டிபி, எஸ்க்யூலைட்... எதை எடுப்பது?

டாட்நெட் (சி ஷார்ப் ஓடும் தளம்) என்றால் லைட் டிபி. பைத்தான் பழகுகிறவர்களுக்கு டைனி டிபி அழகானது, ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில் அது எல்லாவற்றையும் ஒரு ஜேசன் ஃபைலில் வைத்து, ஒரு சின்ன மாற்றத்துக்கும் மொத்த ஃபைலையும் திரும்ப எழுதுகிறது. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் இல்லை. செட்டிங்ஸ் வைக்க, பழக, சின்னக் கருவிகள் செய்ய எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் காசுக் கணக்கை அதில் வைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் என்இ டிபி ஒரு காலத்தில் பலர் கையில் இருந்தது. இப்போது அதைப் பராமரிப்பவர் இல்லை, புது வேலைக்கு வேண்டாம்.

எஸ்க்யூலைட் 2000-லிருந்து இருக்கிறது, உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. அது அட்டவணைத் தரவுத்தளம்தான். ஆனாலும் 2022-ல் வந்த 3.38 பதிப்பிலிருந்து ஜேசனைக் கையாளும் செயல்பாடுகள் அதில் இயல்பாகவே சேர்ந்து வருகின்றன. ஒரு பத்தியில் ஜேசனைப் போட்டு, அதற்குள்ளேயே தேடலாம். ஆக, பாதி அட்டவணை, பாதி ஆவணம் என்று வாழ முடியும்.

என் கணக்கு இதுதான்: நாள் முழுக்க காகிதம் போடுகிற வேலை என்றால் ஆவணத் தரவுத்தளம். நாள் முழுக்க ரிப்போர்ட் எடுக்கிற வேலை, பார்ட்டி வாரியாக, மாத வாரியாக, வரி விகித வாரியாகக் கூட்டுவதே பிரதானம் என்றால் எஸ்க்யூலைட். லைட் டிபியின் 5-ம் பதிப்பில் எஸ்க்யூஎல் (அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழி) சாயலில் ஒரு மொழியும், தொகுத்துக் கூட்டும் வசதியும் உண்டு. ஆனால் இரண்டு அட்டவணையை இஷ்டப்படி இணைத்துப் பார்க்கும் சௌகரியம் அதில் வராது.

எத்தனை ரெக்கார்டு தாங்கும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், கடைசியில் கவலைப்பட வேண்டியதும் இதுதான். ஒரு நாளைக்கு 150 சலான், வருஷத்துக்கு 300 வேலை நாள், ஒரு சலானுக்கு 1 கேபி என்று வையுங்கள். 45,000 ஆவணம், 45 எம்பி. பத்து வருஷம் போனாலும் அரை ஜிபி வராது. தேடுகிற புலத்துக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்று) போட்டிருந்தால் இது ஒரு பாரமே இல்லை. இண்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலுக்கும் முதல் ஆவணத்திலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டு போகும். முதல் வருஷம் தெரியாது. மூன்றாவது வருஷம் "சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சுங்க" என்று போன் வரும்.

நான் அளவைக் கேட்பதில்லை. எத்தனை கை எழுதும் என்றுதான் கேட்பேன். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நிரல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடுகிறேன். அலுவலகத்தில் ஒருவர், குடோனில் ஒருவர், பேக்கிங்கில் ஒருவர் என்று மூன்று கை ஒரே நேரத்தில் எழுதும் என்றால், நாளைக்கு ஐம்பது என்ட்ரிதான் என்றாலும் இதைப் போடுவதில்லை.

ஃபைலை நெட்வொர்க்கில் ஷேர் போட்டால் இரண்டு கம்ப்யூட்டரில் திறக்கலாமே?

திறக்கத் தோன்றும். செய்யாதீர்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

லைட் டிபியில் ஃபைலைத் திறக்க இரண்டு முறை உண்டு. டைரக்ட் என்ற முறையில் உங்கள் நிரல் ஃபைலைத் தனக்கே என்று பிடித்துக்கொள்ளும், மூடும் வரை வேறு யாரும் தொட முடியாது. வேகமானது, பத்திரமானது. ஷேர்டு என்ற முறையில் ஒவ்வொரு வேலைக்கும் திறந்து, முடித்து, மூடிவிடும். ஒருவர் உள்ளே இருக்கும்போது அடுத்தவர் காத்திருப்பார். பெயரைப் பார்த்து, "ஆகா, இது நெட்வொர்க்குக்குத்தான்" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காத்திருப்பை நடத்துவது விண்டோஸ் தரும் மியூடெக்ஸ் என்ற பூட்டு. அந்தப் பூட்டு ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் செல்லும். பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. ஒரே அறைக்கு இரண்டு கதவு, ஒரு கதவில் மட்டும் பூட்டு என்கிற கதைதான்.

ஷேர்டு முறை, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நிரல் ஓடும் இடத்துக்கானது. எடை மேடையில் எடையை வாங்கும் நிரல் ஒன்று, பில் போடும் நிரல் ஒன்று என்று வைத்திருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. வேகம் குறையும், ஆனால் அந்த வேலைக்கு அது தெரியாது.

இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தே தீரும் என்றால், ஃபைலை ஒரே ஒரு நிரல் தொடட்டும். அந்த நிரலிடம் மற்றவை, இணையப் பக்கம் கேட்பது போல, ஹெச்டிடிபி வழியாகக் கேட்கட்டும். அதற்குச் சோம்பல்பட்டால் போஸ்ட்கிரஸ் என்ற சர்வர் தரவுத்தளத்தைப் போட்டுவிடுங்கள். சுற்றி வளைத்து நாமே ஒரு சர்வர் எழுதுவதைவிட அது நல்லது.

"ஏனுங் தம்பி, கரண்டு போனா கணக்கு போயிருமா?"

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள், மழை வந்தால் ஒரு நாள் என்று மின்தடை பழகிப்போன ஊர் என்பதால், எந்த முதலாளியும் கேட்காமல் விடுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

லைட் டிபி 5, எழுத வேண்டியதை நேராக முதன்மை ஃபைலில் எழுதுவதில்லை. பக்கத்திலேயே "லாக்" என்ற வால் சேர்த்த பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கும். முதலில் அதில் எழுதி, பரிவர்த்தனை (சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகளின் கட்டு) முடிந்தது என்று ஒரு முத்திரை போடும். பிறகு சாவகாசமாக அங்கிருந்து முதன்மை ஃபைலுக்கு எடுத்து வைக்கும். பாதியில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது முத்திரை இருப்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளும், முத்திரை இல்லாததைத் தள்ளிவிடும். கடையில் கல்லாச் சிட்டையில் குறித்துவிட்டு ராத்திரி பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே பழக்கம்தான்.

ஆனால் இது காப்பாற்றுவது ஒரு பரிவர்த்தனையை. எதெல்லாம் சேர்ந்து ஒரு பரிவர்த்தனை என்று சொல்ல வேண்டியது நாம். ஆரம்ப காலத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு எழுதியதில் சலானைச் சேமிப்பது ஒரு வரி, நூல் இருப்பைக் கழிப்பது அடுத்த வரி என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை சரியாக அந்த இரண்டு வரிக்கும் நடுவில் கரண்ட் போனது. சலான் இருக்கிறது, இருப்பு குறையவில்லை. ஃபைல் கெடவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அடுத்த மாதம் இருப்புச் சரிபார்க்கும்போது நூல் மூட்டை குறைகிறது என்று அங்கே வேலை செய்கிற பையன் மேல் சந்தேகம் போய்விட்டது. எந்தச் சலான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. அந்தப் பையனிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இரண்டு தொகுப்பைத் தொடும் எந்த வேலையும், பரிவர்த்தனையைத் தொடங்கும் பிகின்டிரான்ஸ், முடிக்கும் கமிட் இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரு எச்சரிக்கை: லைட் டிபி 5-ல் பரிவர்த்தனை என்பது அது தொடங்கிய திரெட்டோடு (நிரலுக்குள் ஓடும் ஒரு வேலை இழையோடு) கட்டப்பட்டது. நடுவில் அவெயிட் (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டால் மீதி வேறு திரெட்டில் போய்த் தொடரலாம். அப்புறம் கமிட் எதை முடிக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை நேராக, சின்னதாக வையுங்கள். கூடவே ஒரு யுபிஎஸ் வாங்கச் சொல்லுங்கள்.

பேக்கப் எடுப்பது எப்படி? ஃபைலைக் காப்பி செய்தால் போதும்தானே?

ஒரே ஃபைல் என்பதன் பெரிய லாபமே அதுதான். ஆனால் நிரலை மூடிவிட்டுக் காப்பி செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால், இப்போது சொன்ன லாக் ஃபைலில் இருக்கும் கடைசி என்ட்ரிகள் காப்பியில் வராது. ஒழுங்காக மூடினால் அவை முதன்மை ஃபைலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நான் செய்து சூடு பட்டது ஒன்று. தானாகவே இணையத்தில் நகலெடுத்துக்கொள்ளும் ஃபோல்டர் ஒன்றுக்குள் தரவு ஃபைலையே வைத்துவிட்டேன். பேக்கப் வேலை தானாக நடக்கிறது என்று பெருமை வேறு. முதலாளி வீட்டு லேப்டாப்பிலும் அதே இணையக் கணக்கைப் போட்டிருந்தார், மென்பொருளையும் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் மாறிய ஃபைல், யாருடையது புதிது என்று தெரியாமல் இரண்டு பிரதியாக நின்றது. ஒன்றில் காலை பில், இன்னொன்றில் மதியம் பில். உட்கார்ந்து கையால் சேர்த்தேன். ஓடும் ஃபைல் அந்த மாதிரி ஃபோல்டருக்குள் இருக்கவே கூடாது. மூடியபின் எடுத்த காப்பி தாராளமாக அங்கே போகலாம்.

இப்போது என் நிரல்கள் எல்லாம் மூடும்போது தாமே கிழமையின் பெயரில் ஒரு காப்பி வைக்கின்றன. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு ஃபைல், அடுத்த வாரம் பழையதன் மேலேயே எழுதும். சனிக்கிழமைக் காப்பி மட்டும் பென் டிரைவில். அனுப்பர்பாளையத்தில் ஒரு பெரியவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பென் டிரைவைக் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதை ஆவணத்துக்குள்ளேயே வைப்பது, எதைத் தனியாக வைப்பது?

பிரிண்டரிலிருந்து ஒரு தாளாக வெளியே வருவது ஒரு ஆவணம். இந்த ஒரு விதியை வைத்தே பாதி வேலையை முடித்துவிடுவேன். பில்லும் அதன் வரிகளும் ஒரே ஆவணம். பார்ட்டி தனி ஆவணம்.

ஆனால் பில்லுக்குள் பார்ட்டியின் எண்ணை மட்டும் வைக்காதீர்கள். அன்றைக்கு இருந்த பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வரி விகிதம் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். அட்டவணை படித்தவர்களுக்கு இது பாவம் மாதிரித் தோன்றும். 2025 செப்டம்பர் 22-ல் பல சரக்குகளுக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறியது நினைவிருக்கும். விகிதத்தைப் பொருள் பட்டியலில் மட்டும் வைத்திருந்தால், அதை மாற்றிய நிமிஷமே போன மாத பில்லைத் திரும்ப அச்சடித்தாலும் புது வரியோடு வரும். பில் என்பது அன்றைக்கு எழுதிய காகிதம், அது அப்படியே நிற்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு ஒருவர் எழுதியதைப் பார்க்கச் சொன்னார். விவசாயி ஒருவருக்கு ஒரு ஆவணம், அதற்குள் அவர் கொண்டுவந்த விரலி, கிழங்கு மூட்டைகளின் எடையெல்லாம் ஆண்டாண்டாக ஒரே வரிசையில். ஒரு மூட்டை சேர்க்க மொத்த ஆவணத்தையும் படித்து, மொத்தத்தையும் திரும்ப எழுத வேண்டும். லைட் டிபி 5-ல் ஒரு ஆவணத்துக்குச் சுமார் 16 எம்பி என்று மேல் எல்லை உண்டு. அதை எட்டுவதற்கு ரொம்ப நாள் முன்பே மெதுவாகிவிடும். வளர்ந்துகொண்டே போகிற எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஒரு எடைச் சீட்டு, ஒரு ஆவணம்.

தானாக வரும் ஐடியையே பில் நம்பராக வைக்கலாமா?

கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டுக்குள் இரட்டிக்காமல் இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் ஐடிக்கு ஏப்ரல் 1 எல்லாம் தெரியாது, பரிவர்த்தனையை ரத்து செய்தால் நடுவில் ஓட்டை விழலாம். ஐடி அதன் வேலையைப் பார்க்கட்டும். பில் எண்ணுக்குத் தனியாக ஒரு சின்ன ஆவணம் வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் அதையும் ஒன்று கூட்டுங்கள். அந்தப் புலத்துக்கு இரட்டிக்காத இண்டெக்ஸும் போட்டுவிடுங்கள்.

தமிழில் ஊர்ப் பெயர் இருக்கிறது, தேடினால் வரவில்லை. ஏன்?

நம் பக்கத்து ஊர்களுக்கென்றே வந்த வினை. ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, கொடுமுடி, திருச்செங்கோடு: பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரு ஒகரம் அல்லது ஓகாரம். யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம். க-வும் ஒற்றைக் குறியான ொ-வும் என்று இரண்டு குறி. அல்லது க, ெ, ா என்று மூன்று குறி. திரையில் இரண்டும் ஒன்றேதான். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பட்டியலில் மூன்று குறி, இன்று தட்டச்சு செய்வதில் இரண்டு குறி என்று கலந்துவிட்டால் பாதி பொள்ளாச்சி கிடைக்கும், பாதி கிடைக்காது.

மருந்து எளிது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்துச் சரத்தை நார்மலைஸ் செய்யுங்கள். டாட்நெட்டில் அந்தப் பெயரிலேயே ஒரு செயல்பாடு உண்டு, அது மூன்று குறியை இரண்டாகச் சேர்த்துவிடும். ஆனால் கௌரி, கெளரி, கவுரி மூன்றும் வந்தால் அது ஒன்றும் செய்யாது. நடுவில் உள்ளது ஔகாரக் குறியே இல்லை, எகரத்துக்குப் பக்கத்தில் ள என்ற முழு எழுத்து. அதற்கெல்லாம் போன் நம்பரை வைத்துத் தேடச் சொல்வதுதான் வழி. சத்தியமாக, அதைத்தான் செய்கிறேன்.

அகரவரிசையிலும் ஒரு கூத்து இருக்கிறது. யூனிகோட் எண் வரிசையில் ர, ற, ல, ள, ழ, வ என்று வரும். நாம் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் வள்ளி கடைக்குக் கீழே இருக்க வேண்டிய பெயர் மேலே போய் நிற்கும். லைட் டிபி 5-ல் ஃபைலை உருவாக்கும்போதே எந்த மொழியின் ஒப்பீட்டு முறை என்று தீர்மானமாகிவிடுகிறது. சொல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரின் அமைப்பையே எடுத்துக்கொள்ளும். முதல் நாளே தமிழ் என்று சொல்லி உருவாக்குவது நல்லது.

சனிக்கிழமைக் கூலி, வெள்ளிக்கிழமையில் காட்டுகிறதே?

தேதியை லைட் டிபி உலகப் பொது நேரத்தில்தான் வைத்துக்கொள்கிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 2024 ஜூன் 15 சனிக்கிழமை என்று தேதி மட்டும் கொடுத்தால், அது ராத்திரி 12 மணி என்று எடுத்துக்கொண்டு ஜூன் 14 வெள்ளி மாலை 18:30 என்று எழுதும். திரும்பப் படிக்கும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தந்துவிடும் என்பதால் நம் கம்ப்யூட்டரில் தெரியாது. ஜேசனாக ஏற்றுமதி செய்து ஆடிட்டருக்கு அனுப்பும் நாளில் வெளியே வரும். வாரக் கூலி போடும் ஊரில் கிழமை மாறினால் கணக்கே மாறிவிடும். நேரம் தேவைப்படாத தேதியை "2024-06-15" என்று எழுத்தாகவே வைத்துவிடுகிறேன். வரிசைப்படுத்தினாலும் சரியாக வரும்.

காசை எந்த வகையில் வைப்பது?

டெசிமல் (தசம எண்ணை அப்படியே வைக்கும் வகை). டபிள் (தோராயமாக வைக்கும் வகை) வேண்டாம், ஒரு பைசா இரண்டு பைசா என்று ஒட்டாமல் நிற்கும். டெசிமல் இல்லாத இடத்தில் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்.

பாதியில் புதுப் புலம் சேர்த்தால் பழைய ஆவணங்கள் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கலும். அட்டவணையாக இருந்தால் ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும் என்று அதுவே நிறுத்திக் கேட்கும். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பழைய ஆவணத்தில் அந்தப் புலம் இருக்காது, படிக்கும்போது சுழியமாகவோ காலியாகவோ வந்து நிற்கும். சாக்குக் கழிவு என்று ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்த்தால், பழைய சீட்டுகளில் கழிவு சுழியம் என்று ஆகிவிடும். அது நிஜத்தில் சுழியமா, அன்றைக்கு எழுதவே இல்லையா? இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஆவணத்திலும் பதிப்பு எண் என்று ஒரு புலம் வையுங்கள். நிரல் திறக்கும்போது பழைய பதிப்பு இருந்தால், காப்பி எடுத்துவிட்டு ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள்.

நிறைய அழித்தேன், ஃபைல் சின்னதாகவில்லையே?

ஆகாது. காலியான பக்கங்களை அடுத்து எழுதப் பயன்படுத்திக்கொள்ளும். கட்டாயம் சுருக்க வேண்டும் என்றால் ரீபில்டு என்ற கட்டளை. அதற்கு முன் ஒரு காப்பி.

பாஸ்வேர்டு போடலாமா?

போடலாம், ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் ஃபைலையே பூட்டும். பாஸ்வேர்டு தொலைந்தால் நானும் திறக்க முடியாது என்பதை முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சர்வருக்கு மாறிவிட்டோம். பழைய ஃபைலை அழித்துவிடலாமா?

வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டனைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். ஃபைலை மட்டும் வைத்தால் போதாது, அதைத் திறக்கும் நிரலின் அந்தப் பதிப்பையும், அதே டிஎல்எல்லையும், பாஸ்வேர்டு இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதி அதையும் சேர்த்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். லைட் டிபி 4-ல் எழுதிய ஃபைலை 5 நேராகத் திறக்காது, மேம்படுத்தச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். போன வருஷம் ஒருவர் பழைய பில் ஒன்று வேண்டும் என்று வந்தபோது ஃபைல் இருந்தது, நிரல் இல்லை. என் பழைய லேப்டாப்பை அட்டத்திலிருந்து இறக்கி, சார்ஜர் தேடி, ராத்திரி பதினொரு மணிக்கு அந்த பில்லை எடுத்துக் கொடுத்தேன்.